மூன்றாம் நாள் ஒரு கண்டம்; சம்பள நாள் மறு கண்டம்!

ஒரகடம் வட்டாரத்தில் குடியில் சிக்கியவர்கள் மீள என்ன வழி?

சாயங்காலம் மணி ஆறரை. வண்டலூர்-வாலாஜாபாத் சாலையில் விளக்குகள் எரியத் தொடங்கிவிட்டன.

ஒரகடம் பக்கம் இருந்து கம்பெனி பஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாக வருகின்றன. சேரப்பணஞ்சேரியில் ஒரு கூட்டம் இறங்குகிறது. கழுத்தில் அடையாள அட்டை. தோளில் சாப்பாட்டுப் பை. எட்டு மணி நேரம் நின்றே வேலை பார்த்த கால்கள்.

இறங்கியவர்களில் பாதிப் பேர் டீக்கடைக்குப் போகிறார்கள். சிலர் மளிகைக் கடைக்கு. சிலர் நேரே வீட்டுக்கு.

ஒரு சிலர் மட்டும் எங்கும் போகாமல் நிற்கிறார்கள். செல்போனைப் பார்க்கிறார்கள். அப்புறம் பக்கத்தில் நிற்பவரைப் பார்க்கிறார்கள்.

"அண்ணே, கட்டிங் போடலாமா?"

முன்பின் தெரியாத ஆள்தான். பெயர் தெரியாது, ஊர் தெரியாது. ஆளுக்குப் பாதி பணம் போட்டு ஒரு குவார்ட்டர் வாங்கி, சரிபாதியாக ஊற்றிக் குடிப்பதற்குத்தான் ‘கட்டிங்’ என்று பெயர்.

தனியாக வந்த மனிதனுக்கு அரை மணி நேரத்துக்கு ஒரு சிநேகிதன் கிடைத்துவிட்டான்!

இவர் யாரோ ஒரு தனி ஆள் அல்ல. ஸ்ரீபெரும்புதூரில் இருந்து ஒரகடம் வரை எந்த பஸ் நிறுத்தத்தில் நின்று பார்த்தாலும் இவரைப் பார்க்கலாம். குடிக்க வேண்டும் என்றால் கூட்டுக்கு ஆள் உடனே கிடைக்கிறது. அதே மனிதன் "இனிமே வேணாம், விட்டுடறேன்" என்று நினைத்தால் கூட்டுக்கு யார் வருகிறார்கள்?

ஏரியும் வயலும் இருந்த ஊர்

காஞ்சீபுரம் மாவட்டத்தின் இந்தப் பகுதி ஏரித் தண்ணீரை நம்பி நெல் விளைந்த பூமி. பொழுது சாய்ந்தால் ஊர் அடங்கிவிடும்.

1996-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். 1998-இல் கார் உற்பத்தி தொடங்கியது. அதோடு இந்த வட்டாரத்தின் தலையெழுத்தே மாறியது.

2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா செல்போன் ஆலை வந்தது. (2014 நவம்பரில் அது மூடப்பட்டது.) 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் கார் ஆலை. 2012-இல் டைம்லர் லாரி ஆலை. 2013-இல் ராயல் என்பீல்டு மோட்டார் சைக்கிள் ஆலை. நடுநடுவே டயர் ஆலை, கண்ணாடி ஆலை, நூற்றுக்கணக்கில் உதிரிபாகக் கம்பெனிகள்.

விழுப்புரம், திருவண்ணாமலை, மதுரை, தேனி என்று தமிழ்நாட்டின் எல்லா மூலையில் இருந்தும் வாலிபர்கள் வந்தார்கள். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாமில் இருந்து ரெயில் ஏறியும் வந்தார்கள்.

வேலை கிடைத்தது. சம்பளமும் கிடைத்தது. ஆனால் ஒன்று போய்விட்டது. கேட்பதற்கு ஆள்!

சொந்த ஊரில் ஒருவன் குடித்துவிட்டுத் தெருவில் வந்தால் மாமன் கேட்பார், சித்தப்பா கேட்பார், டீக்கடைக்காரர் கூட "என்னப்பா இது?" என்று கேட்பார். இங்கே ஒரே அறையில் ஆறு பேர் இருந்தாலும் ஆளுக்கு ஒரு ஷிப்டு. ஒருவர் எழுந்திருக்கும்போது இன்னொருவர் படுக்கிறார். ஒருவர் முகத்தை ஒருவர் முழுசாகப் பார்ப்பதே வார லீவு நாளில்தான்.

"நைட் ஷிப்டு முடிஞ்சு வந்தா தூக்கம் வரலேண்ணே. அதான் கொஞ்சம்..." இந்தச் சமாதானத்தைக் கேட்காத ரூம் சொந்தக்காரர் இந்தப் பக்கம் இருக்க மாட்டார்.

டாக்டர்கள் சொல்வதோ வேறு. மது சீக்கிரம் கண்ணைச் சொருக வைக்கும்; பின்பாதித் தூக்கத்தைக் கெடுத்துவிடும். மறுநாள் அசதி இன்னும் கூடும். அசதிக்காகக் குடிப்பது, குடித்ததால் அசதி என்று செக்கு மாடு மாதிரி சுற்ற வேண்டியதுதான்.

3,600 கோடி, 48,000 கோடி

1937 அக்டோபரில் ராஜாஜி மந்திரிசபை சேலம் ஜில்லாவில் முதல் முதலாக மதுவிலக்கைக் கொண்டு வந்தது. 1948-இல் சென்னை மாகாணம் முழுவதும் மது ஒழிந்தது. 1971-இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டு, சில ஆண்டுகளில் திரும்ப வந்து, 1981-இல் மறுபடியும் கடைகள் திறந்தன. 1983-இல் மொத்த வியாபாரத்துக்காக டாஸ்மாக் பிறந்தது. 2003 நவம்பர் 29 முதல் சில்லரை விற்பனையும் அதன் கைக்கு வந்தது.

2003-04-ஆம் ஆண்டில் கிடைத்த வருமானம் சுமார் 3,600 கோடி ரூபாய். 2024-25-இல் 48,344 கோடி ரூபாய். ஒரு நாள் கணக்குப் போட்டால் 130 கோடிக்கு மேல்!

தேசிய, மாநில நெடுஞ்சாலைகளை ஒட்டி மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பர் 15-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் இருந்து போன வழக்கும் அதில் ஒன்று. சாலையோரக் கடைகள் மூடப்பட்டன. அவற்றை ஊருக்குள்ளே திறக்கப் பார்த்தபோது 2017-இல் பெண்கள் பல இடங்களில் துடைப்பமும் குடமுமாக வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

கடையை மூடச் சொல்லும் போராட்டம் ஒரு பக்கம் நடக்கட்டும். ஆனால் இன்றைக்குக் கை நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனிதன் கடைசிக் கடை மூடும் நாள்வரை காத்திருக்க முடியுமா? அவனுக்கு இன்றைக்கே வழி வேண்டும்.

திமிரா, நோயா?

"கொழுப்பு! வேற என்ன? நாலு சாத்து சாத்தினா சரியாப் போகும்!" இதுதான் குடிகாரனைப் பற்றி ஊர் சொல்லும் தீர்ப்பு.

இந்தத் தீர்ப்பு தவறு என்று சென்னைக்கு எடுத்துக் காட்டியது ஒரு பெரிய இடத்துத் துயரம்.

மத்திய நிதி மந்திரியாக இருந்த டி.டி.கிருஷ்ணமாச்சாரியின் பேரன் டி.டி.ரங்கநாதன். செல்வமும் செல்வாக்கும் உள்ள குடும்பம். எந்த டாக்டரையும் பார்க்கலாம். எந்த மருந்தையும் வாங்கலாம். அப்படி இருந்தும் குடி நோய் அவரை விடவில்லை. 1979-இல் காலமானார். அப்போது அவருக்கு வயது 33.

இளம் வயதில் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன், "விதி" என்று சொல்லி மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. குடி நோய்க்குச் சிகிச்சை அளிப்பது எப்படி என்று அமெரிக்காவுக்குப் போய்ப் பயிற்சி பெற்றார். 1980-இல் கணவர் பெயரிலேயே ஓர் அறக்கட்டளையைச் சென்னையில் தொடங்கினார். அதுதான் டி.டி.கே. ஆஸ்பத்திரி என்று இன்று எல்லோரும் சொல்லும் போதை மீட்பு ஆஸ்பத்திரி.

1992-இல் அவருக்குப் பத்மஸ்ரீ பட்டம் கிடைத்தது. 1999-இல் ஐக்கிய நாடுகள் சபையின் வியன்னா விருதும் தேடி வந்தது.

அந்த ஆஸ்பத்திரியின் நடைமுறையில் ஒரு விசேஷம் உண்டு. நோயாளிக்கு மட்டும் சிகிச்சை அல்ல. மனைவி, தாய், தந்தைக்கும் தனி வகுப்பு. குடிப்பவர் ஒருவர், படுத்துவிடுவது குடும்பம் முழுவதும் என்பதை அந்த அம்மையார் தன் வீட்டிலேயே பார்த்தவர் அல்லவா?

38 பேரில் ஒருவர்

மத்திய அரசுக்காக டெல்லி எய்ம்ஸ் டாக்டர்கள் நாடு முழுவதும் எடுத்த கணக்கு 2019-இல் வெளியானது. 10 வயது முதல் 75 வயது வரை உள்ளவர்களில் சுமார் 16 கோடிப் பேர் மது அருந்துகிறார்கள். அதில் 5.7 கோடிப் பேருக்கு மதுவால் வரும் பிரச்சினைகளுக்கு உதவி தேவை.

அதிர்ச்சி அதில் இல்லை. மதுவுக்கு அடிமையாகிவிட்டவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார். ஆஸ்பத்திரியில் படுத்துச் சிகிச்சை பெற்றவரோ 180 பேருக்கு ஒருவர்!

மற்றவர்கள் என்ன செய்கிறார்கள்? தாங்களாகவே நிறுத்திப் பார்க்கிறார்கள். சாமிக்கு மாலை போடுகிறார்கள். கையில் கயிறு கட்டுகிறார்கள். பிள்ளையின் தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறார்கள். வைராக்கியத்தைக் குறை சொல்வதற்கு இல்லை. அதனால் திருந்தியவர்களும் உண்டு. ஆனால் வருஷக்கணக்கில் தினமும் குடித்த உடம்பு, வைராக்கியத்துக்கு உடனே கட்டுப்படாது. அங்கேதான் முதல் கண்டம் இருக்கிறது.

மூன்றாம் நாள் கண்டம்

தினமும் மது ஊறிய மூளை அதற்கு ஏற்ற மாதிரி தன்னை மாற்றிக்கொண்டுவிடுகிறது. மது மூளையை மந்தப்படுத்துகிறது. மூளை அதை எதிர்த்து எந்நேரமும் வேகத்தைக் கூட்டி ஓடப் பழகிக்கொள்கிறது. திடீரென்று மதுவை நிறுத்தினால் தடுக்க ஆள் இல்லாத வண்டி மாதிரி மூளை தறிகெட்டு ஓடும்.

கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்தில் கை நடுங்கத் தொடங்கலாம். வேர்க்கும், குமட்டும், தூக்கம் வராது.

முதல் இரண்டு நாளில் சிலருக்கு வலிப்பு வரும்.

இரண்டாவது நாளுக்குப் பிறகு, பெரும்பாலும் மூன்றாவது நாளில், சிலருக்குப் புத்தி தடுமாறும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார். யாரோ அடிக்க வருகிறார்கள் என்று கத்துவார். கட்டிய மனைவியையே அடையாளம் தெரியாது. காய்ச்சல் ஏறும்; நெஞ்சு படபடக்கும். கவனிக்காவிட்டால் உயிரே போய்விடும்.

வீட்டில் இருப்பவர்கள் இதைப் பேய் என்பார்கள், செய்வினை என்பார்கள். வேப்பிலை அடிக்கக் கூட்டிப்போகும் நேரத்தில் ஆள் கைமீறிப் போய்விடுவது உண்டு.

இந்தக் கண்டத்தைத் தாண்ட மருந்து இருக்கிறது. நரம்பை அமைதிப்படுத்தும் மாத்திரையைக் கொடுத்து, நாளுக்கு நாள் அளவைக் குறைத்துக்கொண்டே வந்து டாக்டர்கள் நிறுத்திவிடுவார்கள். கூடவே தயமின் என்னும் ‘பி1’ வைட்டமின் ஊசி. சோறு சாப்பிடாமல் குடித்தவர்களுக்கு இந்த வைட்டமின் வற்றிப்போய் மூளையே பாதிக்கப்படும் என்பதால் இந்த ஊசி.

ஒரு வாரம், பத்து நாளில் உடம்பு தெளிந்துவிடும். ஆகவே நாள்பட்ட குடிகாரரை அறையில் பூட்டி வைத்துத் ‘திருத்த’ப் பார்க்காதீர்கள். டாக்டரிடம் கூட்டிச் செல்லுங்கள்.

வார்னிஷ் குடித்த மூவர்

இந்த நோயின் வெறி எப்படிப்பட்டது என்பதை 2020 மார்ச் மாதம் கொரோனா ஊரடங்கு வந்தபோது தமிழ்நாடே பார்த்தது. ஒரே நாளில் எல்லாக் கடைகளும் மூடின.

செங்கல்பட்டில் பெயின்டர் வேலை பார்த்த மூவர் வார்னிஷைக் கலந்து குடித்தார்கள். மூவரும் பரிதாபமாக இறந்தார்கள். புதுக்கோட்டை மாவட்டம் கோட்டைப்பட்டினத்தில் முகச்சவரத்துக்குப் பிறகு பூசும் லோஷனை குளிர்பானத்தில் கலந்து குடித்த மூவரும் மாண்டார்கள்.

இவர்கள் சாக நினைத்துக் குடித்தவர்கள் அல்ல. கை நடுக்கம் நிற்க வேண்டும் என்று குடித்தவர்கள்!

இதே மாதிரி இன்னொரு எமன் மெத்தனால். தொழிற்சாலைகளில் பயன்படும் இந்தத் திரவம் பார்வைக்கும் வாசனைக்கும் சாராயம் போலவே இருக்கும். உடம்புக்குள் போனதும் விஷமாக மாறி முதலில் கண்ணை, பிறகு உயிரைப் பறிக்கும். 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும், செங்கல்பட்டு மாவட்டம் சித்தாமூர் பகுதியிலும் இதைக் குடித்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

ஆலைகள் நிறைந்த இந்தப் பகுதியில் "கேன்ல இருந்து எடுத்தது, நல்ல சரக்கு" என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். குடித்துவிட்டுக் கண் மங்கினால் படுத்துக்கொள்ளாதீர்கள். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள்.

சோற்றில் கலக்கும் மாத்திரை

"அவருக்குத் தெரியாமலே சாப்பாட்டுல கலந்து குடுத்தா குடியை மறந்துடுவாராம்!" இப்படிப்பட்ட விளம்பரத்தைப் பஸ்சிலும் சுவரிலும் பார்க்காதவர் கிடையாது. தாலியைக் கழற்றி வைத்துக்கூட அந்தப் பொடியை வாங்கும் பெண்கள் இருக்கிறார்கள்.

டாக்டர்கள் கொடுக்கும் ஒரு மாத்திரை உண்மையிலேயே உண்டு. பெயர் டைசல்பிராம். அதைத் தினமும் சாப்பிடுகிறவர் மதுவைத் தொட்டால் முகம் சிவக்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் விழும். அந்தப் பயத்தில் குடிக்க மாட்டார்.

இந்த மாத்திரை பிறந்த கதை இந்த ஊர்க்காரர்களுக்குச் சுவையாக இருக்கும். அமெரிக்காவில் ரப்பர் தொழிற்சாலை டாக்டர் ஒருவர் 1937-இல் ஒரு விஷயத்தை எழுதினார். ரப்பரைப் பதப்படுத்தும் ஒரு ரசாயனத்தோடு புழங்கும் தொழிலாளிகளுக்கு மது குடித்தால் ஒத்துக்கொள்ளவில்லை என்பதே அது. அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டென்மார்க் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் இருவர் அதே இனத்து ரசாயனம் ஒன்றை வயிற்றுப் பூச்சிக்கு மருந்தாகப் பயன்படுத்த முடியுமா என்று தாங்களே விழுங்கிப் பார்த்தார்கள். பிறகு விருந்தில் மது குடித்தபோது உடம்பு படாத பாடு பட்டது. 1948-இல் அதுவே குடி நோய்க்கு மருந்தானது.

ஆக, டயர் ஆலைக்காரர்கள் புழங்கும் சரக்கின் உறவுக்கார மருந்துதான் இது!

ஆனால் இதைத் திருட்டுத்தனமாகக் கொடுக்கவே கூடாது. சாப்பாட்டில் மாத்திரை இருப்பது தெரியாமல் ஒருவர் ஒரு குவார்ட்டரை முழுசாகக் குடித்துவிட்டால் இதயமே நின்றுபோகலாம். நோயாளியின் சம்மதத்தோடு, ஈரலையும் இதயத்தையும் டாக்டர் பரிசோதித்த பிறகு கொடுக்க வேண்டிய மருந்து அது. பஸ்சில் விற்கும் பொடியில் என்ன இருக்கிறது என்று வாங்குகிறவருக்கே தெரியாது. நம்பி ஏமாறாதீர்கள்.

பொட்டலமும் மாத்திரையும்

மதுவோடு நின்றுவிடவில்லை. கஞ்சாப் பொட்டலம், கஞ்சா சாக்லேட் என்று புறநகரில் அடிக்கடி பிடிபடுகின்றன. வலிக்குக் கொடுக்கும் டபென்டடால் மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் வாலிபர்களும் இருக்கிறார்கள். ஒரே ஊசியை நாலு பேர் போட்டுக்கொண்டால் மஞ்சள் காமாலையும் எய்ட்சும் இலவசம்!

தமிழ்நாட்டில் 2013-இல் குட்கா, பான் மசாலாவுக்குத் தடை வந்தது. அப்படியும் உதட்டுக்கு அடியில் வைக்கும் சின்னப் பைகள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கை வரைக்கும் வந்துவிட்டன. பெட்டிக்கடைக்காரர்கள் ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும். நாலு காசு லாபத்துக்கு விற்கும் பொருள் அடுத்த தெருப் பையனின் வாயைத்தான் அரிக்கிறது.

பெற்றோருக்கு ஒரு தகவல். "போலீசில் மாட்டிக்குவானோ" என்று பயந்து பிள்ளையை மறைத்து வைக்க வேண்டாம். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடைச் சட்டத்திலேயே, சொந்த உபயோகத்துக்காகச் சிறு அளவில் வைத்திருந்து சிக்கியவர் தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கில் இருந்து விலக்குப் பெற வழி இருக்கிறது.

சம்பள நாள் கண்டம்

சிகிச்சை முடிந்தது. உடம்பு தேறிவிட்டது. முகத்தில் களை வந்துவிட்டது. வீட்டில் பாயசம் வைத்தார்கள். ஆள் மறுபடி வேலைக்கு வந்துவிட்டார்.

இப்போதுதான் இரண்டாவது கண்டம் வருகிறது. இதற்கு ஊசி கிடையாது. மாத்திரை துணைக்கு நிற்கும், அவ்வளவுதான்.

மாதம் 7-ந் தேதிக்குள் ஒரு நாள் செல்போனில் ஒரு சத்தம். சம்பளம் ஏறிவிட்டது! அதே பஸ். அதே நிறுத்தம். அதே பழைய முகங்கள்.

"என்னண்ணே, ஆளையே காணோம்? ஒடம்பு சரியில்லையா? வாங்க, இன்னிக்கு ஒண்ணே ஒண்ணு!"

குடிக்கு அடிமையானவருக்கு அந்த ‘ஒண்ணே ஒண்ணு’ கிடையவே கிடையாது. ஒன்று போட்டால் பழைய கணக்கு அப்படியே திரும்ப வந்துவிடும். ஆறு மாதம் சும்மா இருந்தவர் ஒரே வாரத்தில் பழைய அளவுக்கு வந்து நிற்பார்.

பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய இந்த நாலும் மீண்டவரை மறுபடி இழுத்துச் செல்லும் எதிரிகள் என்பார்கள், குடியை விட்டவர்கள். ஷிப்டு முடிந்து பஸ்சில் இருந்து இறங்கும் தொழிலாளியிடம் இந்த நாலுமே ஒன்றாக இருக்கின்றன! மதியம் சாப்பிட்டது எப்போதோ செரித்துவிட்டது. சூப்பர்வைசர் திட்டியது காதில் ஒலிக்கிறது. அறையில் யாரும் இல்லை. கால் கெஞ்சுகிறது.

அதனால்தான் மீண்டு வந்தவர்கள் சின்னச் சின்னத் தந்திரங்களைச் சொல்கிறார்கள். பஸ்சில் ஏறும்போதே வயிற்றுக்கு ஏதாவது போடு. ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி வேறு தெரு வழியாக நட. சம்பளம் வந்த நிமிடமே வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கைச்செலவுக்கு மட்டும் வைத்துக்கொள். வார லீவுக்கு முதல் நாளே, மறுநாள் என்ன செய்வது என்று முடிவு பண்ணு.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மறுபடி ஒரு நாள் குடித்துவிட்டால் "எல்லாம் போச்சு" என்று கைவிட வேண்டாம். சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை ஏறினால் டாக்டரிடம்தானே போகிறோம்? அதே மாதிரி மறுநாளே கூட்டிப் போங்கள்.

டயர் நகரத்தில் இரண்டு பேர்

தந்திரம் எல்லாம் சரி. கூட ஒரு ஆள் வேண்டாமா?

1935 மே மாதம். அமெரிக்காவில் அக்ரான் என்று ஓர் ஊர். ஒரகடத்துக்குக் காரும் லாரியும் என்றால் அக்ரானுக்கு டயர். ஊரே டயர் கம்பெனிகளால் வளர்ந்தது.

நியூயார்க்கில் இருந்து பில் வில்சன் என்ற பங்கு வியாபாரி அங்கே வேலையாக வந்தார். பெருங்குடிகாரராக இருந்து, குடியை விட்டுச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வந்த காரியம் தோற்றுப்போனது. ஓட்டலில் தனியாக நிற்கிறார். பக்கத்திலேயே மதுக்கூடம். உள்ளே சிரிப்புச் சத்தம்.

கால் அந்தப் பக்கம் இழுத்தது. அவர் போய் டெலிபோனை எடுத்தார். "இந்த ஊரில் என்னைப் போல ஒரு குடிகாரர் இருந்தால் சொல்லுங்கள், அவரோடு பேச வேண்டும்" என்று தேடத் தொடங்கினார்.

கிடைத்தவர் பாப் ஸ்மித் என்ற அறுவை சிகிச்சை டாக்டர். அவரும் குடியில் மூழ்கியவர். இருவரும் மணிக்கணக்கில் பேசினார்கள். 1935 ஜூன் 10-ந் தேதி டாக்டர் பாப் கடைசியாகக் குடித்தார். அந்த நாளையே தங்கள் இயக்கத்தின் பிறந்த நாளாக ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ கொண்டாடுகிறது. உலகம் முழுவதும் பரவிய அந்த இயக்கம் இந்தியாவுக்கு 1957-இல் வந்தது. சென்னையிலும் கூட்டங்கள் நடக்கின்றன. கட்டணம் கிடையாது. முழுப்பெயர் சொல்ல வேண்டாம். குடியை விட வேண்டும் என்ற ஆசை ஒன்றே தகுதி. "இன்று ஒரு நாள் குடிக்க மாட்டேன்" என்பதுதான் அவர்கள் எடுக்கும் சபதம். நாளைய கணக்கு நாளைக்கு!

யோசித்துப் பார்த்தால் இதுவும் ஒரு ‘கட்டிங்’தான். குவார்ட்டருக்குப் பதில் கஷ்டத்தைப் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

மஞ்சக்குடியில் முடிந்தது

"அதெல்லாம் அமெரிக்காவில்! நம்ம ஊர்ல நடக்குமா?" என்று கேட்கலாம்.

நடந்திருக்கிறது. இன்றைய திருவாரூர் மாவட்டத்தில் மஞ்சக்குடி என்று ஒரு கிராமம். அங்கே இருந்து ஒரு கூலித்தொழிலாளி சென்னைக்கு வந்து ஒரு மாதம் தங்கிச் சிகிச்சை பெற முடியாது. அதனால் சாந்தி ரங்கநாதனின் குழுவினர் ஆஸ்பத்திரியையே கிராமத்துக்குக் கொண்டு போனார்கள்.

15 நாள் முகாம். மருந்தும், ஆலோசனையும், குடும்பத்தாருக்கு வகுப்பும் உள்ளூரிலேயே. ஊர்ப் பெரியவர்கள் துணைக்கு நின்றார்கள். முகாம் முடிந்ததோடு விட்டுவிடாமல் தொடர்ந்து போய்ப் பார்த்தார்கள். அந்த அனுபவத்தை 1994-இல் உலக அளவிலான மருத்துவப் பத்திரிகையில் அவர் எழுதினார். செலவு குறைவு, ஊரே காவல் என்பதுதான் அந்த முறையின் பலம்.

அந்தக் காவல்தான் சேரப்பணஞ்சேரியில் இல்லை. இங்கே கல்யாண மண்டபம் இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது, சுற்றிலும் சமூக நலனுக்குப் பணம் ஒதுக்க வேண்டிய பெரிய கம்பெனிகள் இருக்கின்றன. ஆண்டுக்கு ஒரு முகாம்; மாதம் ஒருமுறை, சம்பளம் ஏறும் அந்த வாரத்தில், மீண்டவர்கள் கூட ஓர் இடம். தமிழில் ஒன்று, இந்தியில் ஒன்று. மரம் நட ஒதுக்கும் பணத்தில் கொஞ்சம் ஒதுக்கினால் போதாதா?

எங்கே போவது?

போதை மீட்பு ஆலோசனைக்கு மத்திய அரசின் இலவச எண் 14446. மனநல ஆலோசனைக்கு 14416. தமிழக அரசின் 104 எண்ணிலும் கேட்கலாம்.

கீழ்ப்பாக்கம் அரசு மனநல ஆஸ்பத்திரியில் போதை மீட்புப் பிரிவு உண்டு. செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி, காஞ்சீபுரம் அரசு தலைமை ஆஸ்பத்திரி ஆகியவற்றில் மனநல டாக்டரைப் பார்க்கலாம். 2025-இல் தமிழக அரசு ‘கலங்கரை’ என்ற பெயரில் 25 இடங்களில் போதை மீட்பு மையங்களைத் திறந்தது.

தனியார் மையம் என்றால் ஜாக்கிரதை! 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டப்படி மையத்துக்கு அரசுப் பதிவு வேண்டும். யாரையும் சங்கிலியால் கட்டக் கூடாது. 2022-இல் சென்னையில் ஒரு மையத்தில் சிகிச்சைக்குச் சேர்ந்தவர் அடித்துக் கொல்லப்பட்டதாக வழக்குப் பதிவாகி ஊழியர்கள் கைதானார்கள். பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். டாக்டர் யார் என்று கேளுங்கள். "மூணு மாசம் பார்க்க வரக்கூடாது" என்று சொன்னால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

கடைசி பஸ்

மணி எட்டாகிவிட்டது. அடுத்த கம்பெனி பஸ் வந்து நிற்கிறது. மறுபடி ஒரு கூட்டம் இறங்குகிறது. மறுபடி ஒரு சிலர் எங்கும் போகாமல் நிற்கிறார்கள்.

அதில் ஒருவர் உங்கள் ரூமில் இருப்பவராக இருக்கலாம். உங்கள் கடையில் கணக்கு வைத்திருப்பவராக இருக்கலாம். உங்கள் தம்பியாகவே இருக்கலாம்.

புத்திமதி வேண்டாம். அதை அவர் நிறையக் கேட்டுவிட்டார். பக்கத்தில் போய் நில்லுங்கள்.

"வாய்யா, டீ சாப்பிடலாம். டிபன் சாப்டியா?"

கட்டிங்குக்கு ஆள் கிடைக்கும் ஊரில் அதற்கும் ஓர் ஆள் கிடைக்கட்டும்!